வருஷம் எழுதாத வரைபடம்

வானத்தைப் படமெடுத்த கண்ணாடித் தகடுகளைக் கரசாவா தொகுஜி அளக்கிற அறையில் கணப்பு கிடையாது. சுவா ஏரியின் ஓரம் பனிக்கட்டி கட்டத் தொடங்குகிற டிசம்பர் மாதத்திலும் கிடையாது. சூடு பட்டால் கண்ணாடி விரியும், விரிந்தால் அதில் பதிந்திருக்கும் விண்மீன் நகரும், இங்கே மயிரிழை நகர்ந்தால் வானத்தில் அது கோடானுகோடி மைல் என்பது அவர் கட்சி. அறுபத்தாறு வயது மனிதர், தலையில் கம்பளிக் குல்லாவும் விரல் நுனி வெட்டிய கையுறையுமாக, காலையிலிருந்து உருப்பெருக்கியில் கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தேநீரின் ஆவிகூட உள்ளே போகக் கூடாது. மனைவி ஹாருயோ கோப்பையைக் கதவுக்கு வெளியே தரையில் வைத்து, அந்த ஊர்க் கோயில்களில் சாமி கும்பிடும்போது தட்டுவதுபோல் இரண்டு முறை கை தட்டுவாள்.

"சாமிக்குப் படைச்சாச்சு. எறங்கி வந்து எடுத்துக்கலாம்."

இந்தப் பிடிவாதத்தால்தான் அவருக்குப் பெயர். லென்ஸ் தொழிற்சாலையில் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். விண்மீன் அளப்பது சம்பளமில்லாத வேலை. ஆனாலும் ஜப்பானின் எந்த மூலையில் யார் ஒரு புது ஒளியைப் பார்த்தாலும், அதை உலகத்துக்குச் சொல்வதற்கு முன்னால் தோக்கியோவில் இருக்கும் மாறொளி விண்மீன் சங்கம் கரசாவாவைக் கேட்கும். அவர் இருக்கிறது என்றால் இருக்கிறது, இல்லை என்றால் இல்லை. முன்பு ஒரு தடவை அவர் இல்லை என்று சொன்னதில் ஒரு மனிதர் சங்கத்தை விட்டே போக நேர்ந்தது. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை.

1983 டிசம்பர் பன்னிரண்டாம் தேதி மதியம் சங்கச் செயலாளர் இனாகாகி தொலைபேசியில் வந்தார்.

"கரசாவா சான், கியூஷூவுல தபாலாபீஸ்ல வேல பாக்கற ஒரு அம்மா, நேத்து சாயங்காலம் அவிட்டத்துக்குப் பக்கத்துல ஒண்ணு பாத்திருக்காங்க. எட்டாம் ஒளி. எந்தப் படத்துலயும் அங்க அப்படி ஒண்ணு கிடையாது. ஆனா அவங்க சொன்ன இடம் தோராயந்தான். உங்க அளவு வந்தாத்தான் நான் வெளிநாட்டுக்குத் தந்தி குடுக்க முடியும்."

"வானம் தெளிஞ்சா இன்னிக்கே எடுத்துடறேன்."

"உங்க ஊர்ல தெளியாம வேற எங்க தெளியும்? அந்த ஒண்ணுக்காகத்தானே அந்தக் குளிர்ல கெடக்கறீங்க."

பல வருஷம் யார் கண்ணுக்கும் படாமல் கிடந்துவிட்டு, திடீரென்று ஒருநாள் பொங்கி ஆயிரம் மடங்கு ஒளிர்ந்து, ஒரு மாதத்தில் பழையபடி மங்கிப்போகிற சாதி விண்மீன்கள் உண்டு. பொங்கும்போது அளந்தால்தான் உண்டு. அடங்கிய பிறகு அதே இடத்தில் நூறு மங்கல் புள்ளிகள் இருக்கும், எது பொங்கியது என்று பிரம்மாவுக்கும் தெரியாது. அதனால்தான் இடத்தைத் துல்லியமாகக் குறிக்க இத்தனை அவசரம். அன்று மாலை ஆறு மணிக்கே கரசாவா மொட்டைமாடிக் கொட்டகையின் கூரையைத் தள்ளி, படம் எடுத்து, கழுவி, காய வைத்துவிட்டுப் படுத்தார்.

மறுநாள் காலையில் அளவு தொடங்கியது. அக்கம்பக்கத்தில் இடம் நன்றாகத் தெரிந்த எட்டு விண்மீன்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். திருகாணியைத் திருப்பி, குறுக்குக் கம்பியைப் புள்ளியின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும், எண்ணை வாசித்து எழுத வேண்டும், கம்பியை விலக்கி மறுபடியும் கொண்டுவர வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஐந்து தடவை. எல்லாம் முடிந்ததும் தகட்டைத் தலைகீழாகத் திருப்பி வைத்து முதலிலிருந்து இன்னொரு முறை. மனிதக் கண்ணுக்கு ஒரு பக்கமாகச் சாய்கிற குணம் உண்டு, திருப்பி அளந்தால் அது அடிபட்டுப் போகும். "தன்னை நம்பாதவன்தான் அளக்க லாயக்கு" என்று கூட்டங்களில் பேசிக் கைதட்டல் வாங்கியவர் அவர்.

பிறகு ஒளி. எட்டாம் ஒளி, ஒன்பதாம் ஒளி என்று அதற்கு எண் போடுவார்கள். தகட்டில் ஒளி கூடினால் புள்ளி பெரிதாகும். புதுப் புள்ளி 8.1 விண்மீனைவிடச் சிறிது, 8.7 விண்மீனைவிடப் பெரிது, இரண்டுக்கும் நட்டநடுவில். 8.4 என்று எழுதினார். எண் கூடினால் ஒளி குறைவு என்பது இந்தத் துறையின் தலைகீழ் வழக்கம், யாரும் மாற்றுவதாக இல்லை.

கூட்டிக் கழித்ததில் இடம் கிடைத்தது. வானத்தில் கிழக்கு மேற்கை மணிக்கணக்கிலும் வடக்கு தெற்கைப் பாகையிலும் சொல்வார்கள். 20 மணி 38 நிமிடம் 12.4 நொடி, வடக்கே 16 பாகை 2 நிமிடம் 40 நொடி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சடங்கு.

விண்மீனின் இடத்தைச் சொல்வதில் ஒரு சங்கடம் உண்டு. பூமி தலையாட்டிக்கொண்டே சுற்றுகிற பம்பரம். பஞ்சாங்கக்காரர்கள் அயனாம்சம் என்று கழிப்பது இந்தத் தலையாட்டலைத்தான். இதனால் வானத்தில் எல்லாருடைய முகவரியும் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறுகிறது. ஆகவே எண்ணை மட்டும் எழுதினால் போதாது, அது எந்த வருஷத்து எண் என்றும் பக்கத்தில் எழுத வேண்டும். பழைய கதவு எண், புதிய கதவு எண் மாதிரி. எது என்று சொல்லாவிட்டால் தபால்காரர் வேறு யார் வீட்டுக் கதவையோ தட்டுவார். சங்கத்தில் 1950ஆம் வருஷத்து எண்ணைத்தான் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஜெர்மன்காரர்கள் அந்தக் காலத்தில் போட்ட பெரிய வரைபடத் தொகுதி 1855ஆம் வருஷத்து எண்ணில் இருக்கிறது. புதிதாக எதை அளந்தாலும், எண்ணை 1855க்கு மாற்றி, பழைய தொகுதியில் அந்த இடத்தில் ஏதாவது இருந்ததா என்று பார்ப்பது வழக்கம்.

கரசாவா மாற்றினார். 20 மணி 33 நிமிடம் 47 நொடி, வடக்கே 15 பாகை 42.8 நிமிடம்.

எழுதிய கை அப்படியே நின்றது. இந்த எண்ணை அவர் முன்பே பார்த்திருக்கிறார். பார்த்திருக்கிறார் என்பதுகூட இல்லை, ஒரு காலத்தில் ஒரு வாரம் முழுக்க இந்த எண்ணோடு சண்டை போட்டிருக்கிறார்.

வெளியே இரண்டு கைதட்டல் கேட்டது. அவர் எழுந்திருக்கவில்லை.

"ஏங்க, ஆறிப்போகுது."

"ஹாருயோ, நாப்பத்தொன்பதாம் வருஷத்துத் தபாலெல்லாம் எங்க வச்ச?"

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் மெதுவாகக் கேட்டாள். "மொமோசே சான் கார்டா?"

மொமோசே ரியோசாகு பக்கத்து ஊரான சினோவில் கடற்பாசி காய்ச்சி உறையவைக்கிற குடும்பத்துப் பிள்ளை. கரசாவாவின் பள்ளித் தோழர். யுத்த காலத்தில் இருவரும் ஒரே தொழிற்சாலையில் ஒரே வரிசையில் நின்று லென்ஸ் தேய்த்தவர்கள். வானம் பார்க்கிற பைத்தியமும் ஒன்றாகவே பிடித்தது. மொமோசேயிடம் தகடு எடுக்கிற வசதி கிடையாது, வெறும் கண்ணும் ஒரு சின்னத் தொலைநோக்கியும்தான். ஆனால் மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஒளியளவுகளைச் சங்கத்துக்கு அனுப்பியவர். 1949 செப்டம்பரில் அவர் ஒரு கார்டு எழுதினார். அவிட்டத்துக்குப் பக்கத்தில் புதிய விண்மீன், ஒளி 8.4, இரண்டு மாலை பார்த்தேன், பிறகு மேகம். இடம் 20 மணி 33.8 நிமிடம், வடக்கே 15 பாகை 43 நிமிடம். கீழே பென்சிலில் சுற்றியிருந்த விண்மீன்களின் படம்.

புயலும் மழையும் முடிந்து கரசாவாவுக்கு வானம் கிடைக்க முப்பத்திரண்டு நாள் ஆயிற்று. ஒரு மணி நேரம் திறந்து வைத்துத் தகடு எடுத்தார். சொன்ன இடத்தில் ஒன்றுமில்லை. பென்சில் படத்தில் இருந்த சுற்றுவட்டார விண்மீன்கள்கூட அங்கே இருந்தவற்றோடு ஒட்டவில்லை. படம் ஒட்டவில்லையென்றால் தான் பார்ப்பது வேறு இடமோ என்று ஒரு கணம் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முப்பத்திரண்டு வயது, தலைநிறைய கெட்டிக்காரத்தனம். படத்தையே மனுஷன் கற்பனையில் போட்டிருக்கிறான் என்று முடிவு கட்டினார். சங்கத்தின் சுற்றறிக்கையில் இப்படி எழுதினார்: "குறிப்பிட்ட இடத்தில் பதினான்காம் ஒளி வரை எதுவும் இல்லை. நோக்கியவரின் மனமயக்கம்."

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று சங்கத்தார் அந்த மூவாயிரம் அளவுகளையும் நம்பத்தகாதவை என்று அடித்துப் போட்டார்கள்.

மொமோசே ஒருநாள் மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நின்றார். உள்ளே வரவில்லை. "அந்தத் தகட்ட ஒரு தடவ எனக்குக் காட்டு" என்று மட்டும் கேட்டார்.

"அளந்தாச்சு," என்றார் கரசாவா.

அவ்வளவுதான் பேச்சு. அதன் பிறகு முப்பத்துநான்கு வருஷம்.

ஹாருயோ கார்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். முதல் தடவையாக அந்த அறைக்குள் வந்தாள், அவர் தடுக்கவில்லை. அவர் பென்சில் படத்தை எடுத்து நேற்றைய தகட்டின் பக்கத்தில் வைத்தார். மேலே ஒரு சிறு முக்கோணம், கீழே ஒட்டினாற்போல ஒரு இரட்டை, வலப்பக்கம் தனியாக ஒன்று. எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தியது. மொமோசே 1855ஆம் வருஷத்து எண்ணை எழுதியிருக்கிறார், கரசாவா அதை 1950 என்று எடுத்துக்கொண்டு, இரண்டு முழுநிலா அகலம் தள்ளி, வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்று வந்திருக்கிறார்.

அலமாரியின் அடித்தட்டில் அந்தப் பழைய தகடு இருந்தது. உறையில் அவருடைய கையெழுத்தில் 'இல்லை' என்று இருந்தது. தகடு ஐந்து பாகை அகலம். அன்றைக்கு அவர் நடுவில் மட்டும் பார்த்தார். இப்போது நடுவை விட்டு ஒரு பாகை கிழக்கே, கொஞ்சம் வடக்கே போனார்.

இருந்தது. சிறியது, மங்கல், 13.4. பொங்கி அடங்கிக்கொண்டிருந்த நேரம். திருகாணியை ஐந்து தடவை திருப்பினார், தகட்டைத் தலைகீழாக வைத்து இன்னும் ஐந்து தடவை. நேற்றைய இடத்துக்கும் அதற்கும் வித்தியாசம் பாகைக் கணக்கில் ஒரு நொடிக்கும் குறைவு. அதே விண்மீன்தான். மொமோசேயின் சாட்சி முப்பத்துநான்கு வருஷம் கரசாவாவின் வீட்டு அலமாரியிலேயே படுத்திருந்தது.

"ஒருவேள அன்னிக்குத் தகட்டக் காட்டியிருந்தா?" என்றாள் ஹாருயோ.

"கையில இந்தப் படமும் இருந்துதுன்னா அஞ்சு நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பான்."

"அவரு நனைஞ்சு நின்னாரே, நாந்தான் ஒரு கொடையக் குடுத்து அனுப்பினேன். மறுவாரமே கொட திரும்பி வந்துச்சு. தபால்ல."

அது கரசாவாவுக்குத் தெரியாது. சினோ இருபது நிமிஷ ரயில் தூரம்.

மாலையில் இனாகாகிக்குச் சொன்னார். இடத்தையும் ஒளியையும் வாசித்தார், பிறகு மற்றதையும் சொன்னார். எதிர்முனையில் பேனா கீறுகிற சத்தம் நின்றது.

"கரசாவா சான், ஒண்ணு சொல்லட்டா? அந்தக் காலத்து ஆளுங்க யாரும் சங்கத்துல இப்ப இல்ல. இந்த விசயம் உங்களுக்கும் எனக்குந்தான் தெரியும். புதுசா வந்த அளவ மட்டும் அனுப்பிடலாமே. நாளைக்கு உங்க மத்த அளவையெல்லாம் யாராவது சந்தேகப்பட்டா? நாப்பது வருசத்து வேல."

"அவனோட மூவாயிரத்தையும் நாம அப்படித்தானே அடிச்சோம்."

"ஆனைக்கும் அடி சறுக்கும்னு விட்டுட வேண்டியதுதான்."

"புது அளவ இன்னிக்கு ராத்திரியே தந்தி குடுத்துடுங்க. மத்தத நாளைக்குக் கையெழுத்துப் போட்டு அனுப்பறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, எழுத உட்கார்ந்தபோது பேனா தானாகவே வளைந்தது. நாலு தடவை கிழித்துப் போட்ட பிறகு நின்ற வாசகம் இது: "1949இல் மொமோசே ரியோசாகு கண்டது உண்மையே. அவர் 1855ஆம் வருஷத்து எண்ணை வருஷம் குறிக்காமல் அனுப்பியதால் குழப்பம் நேர்ந்தது." அதில் ஒரு பொய்யும் இல்லை. கரசாவாவின் பெயரும் இல்லை. எழுதி முடித்தபோது மனசில் ஒரு சின்ன நிம்மதி வந்தது. தப்பு இரண்டு பேர் மேலும் பாதிப்பாதி.

மறுநாள் இரண்டு தகடுகளையும் பஞ்சுத் திண்டுகளுக்கு நடுவில் வைத்துத் துணியில் கட்டி, பிள்ளையைத் தூக்கிப் போவதுபோல மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் போனார்.

சினோவில் அறுப்பு முடிந்த வயல்களில் மரத்தட்டுகள் வரிசையாகப் பரப்பியிருந்தன. கடற்பாசிக் கூழ் ராத்திரிப் பனியில் உறைந்து, பகல் வெயிலில் இளகி, இரண்டு வாரத்தில் காய்ந்து சருகாகும். ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு ஆள் குனிந்து தட்டுகளைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலை முழுக்க நரை. குனிகிற விதத்திலேயே கரசாவாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"மொமோசே."

அவர் நிமிரவில்லை. "வரப்புல நில்லு. பாசிய மிதிச்சுடாத."

"நான் கரசாவா."

"தெரியுது. கண்ணு இன்னும் அவியல. எதுக்கு வந்தன்னு சொல்லு."

"தகடு கொண்டுவந்திருக்கேன்."

"எந்தத் தகடு?"

"நீ அன்னிக்குக் கேட்டியே. அது."

மொமோசே கையிலிருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தார். கையை உடுப்பில் துடைத்தார், ஒரு தடவை அல்ல, மூன்று நான்கு தடவை. பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார். கரசாவா பின்னாலேயே போனார்.

உள்ளே கணப்பு எரிந்தது. கரசாவா தகட்டை அதற்குப் பக்கத்தில் கொண்டுபோகாமல் தயங்கியதைப் பார்த்து மொமோசே, "இன்னும் அந்தப் பைத்தியம் போகலியா?" என்றார். சன்னல் வெளிச்சத்தில் கண்ணாடியைப் பிடித்து, கரசாவா நீட்டிய உருப்பெருக்கியை வாங்கிக்கொண்டார். எங்கே பார்க்க வேண்டும் என்று கரசாவா சொல்ல வாயெடுப்பதற்குள், அந்தக் கண் நேராக முக்கோணத்துக்குப் போய், இரட்டைக்கு இறங்கி, அங்கே நின்றுவிட்டது.

உருப்பெருக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே மொமோசே சொன்னார். "இருந்திருக்கு."

"இருந்துது."

"உன் வீட்டுல."

"ஆமா. என் வீட்டுல." கரசாவா தரையில் மண்டியிட்டு, பாயில் நெற்றி படக் குனிந்தார். அப்படிக் குனிந்தபடியே பேசினார். "நான் சரியாப் பாக்கல. நீ எழுதினது 1855 எண்ணு, நான் 1950ன்னு எடுத்துக்கிட்டேன். நீ வருஷம் போடல, நானும் கேக்கல. நான் கேட்டிருக்கணும்."

சொல்லும்போதே அந்த 'நீ வருஷம் போடல' தன் காதுக்கே உறுத்தியது. மொமோசே எழுந்து போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு தகரக்குழாய். அதிலிருந்து ஒரு தாளை உருவி, கரசாவாவின் முன்னால் விரித்து, நான்கு மூலையிலும் தேநீர்க் கோப்பைகளை வைத்தார்.

"இத யாரு வரைஞ்சா?"

தொழிற்சாலையில் யுத்தத்துக்குப் பிறகு மிஞ்சிக் கிடந்த வரைதாள். இப்போது பழுப்பேறியிருந்தது. அவிட்டமும் அதன் சுற்றுவட்டாரமும் ஊசிமுனைப் புள்ளிகளாக, ஆயிரத்துக்கு மேல். 1946இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலிருந்து அந்த ஜெர்மன் தொகுதியை மூன்றே நாளைக்கு இரவல் வாங்கி, வெறும் சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் தின்றுகொண்டு, மொமோசேக்காக ஒரு தாள் நகல் எடுத்தது கரசாவாவுக்கு நினைவு வந்தது. எடுத்தவர் அவர்தான். ஓரத்தில் கட்ட எண்கள், தாள் எண், கீழ்மூலையில் பெருமையோடு குத்திய சிவப்பு முத்திரை: கரசாவா.

"வருஷம் எங்கயாவது இருக்கான்னு பாரு. பூதக்கண்ணாடிதான் வச்சிருக்கியே."

கரசாவா பார்த்தார். மேல் ஓரம், கீழ் ஓரம், பக்கவாட்டு. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தார். தொகுதியின் முதல் பக்கத்தில் மட்டும்தான் வருஷம் அச்சாகியிருந்தது, உள்தாள்களில் கிடையாது. நகல் எடுத்தவன்தான் அதை ஓரத்தில் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். எழுதவில்லை. மூன்று வருஷம் கழித்து, தான் கொடுத்தது எந்த வருஷத்துப் படம் என்பதையே மறந்துபோய், கொடுத்தவனே தீர்ப்பும் எழுதிவிட்டான். பாதிப்பாதி என்று நேற்று வந்த நிம்மதியை நினைத்தபோது அவருக்கு அழ வேண்டும் போலிருந்தது. இந்த வீட்டில் அழுவதற்குத் தனக்கு யோக்கியதை இல்லை என்றும் தோன்றியது.

"உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"அம்பத்திநாலுல. பையனுக்குப் பள்ளிக்கூடத்துல ஒரு புது வான்படம் குடுத்தாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சேன். எல்லாமே எடம் நகந்து கெடந்துது."

"ஏன் என்கிட்டச் சொல்லல?"

"அளந்தாச்சுன்னு கதவச் சாத்தினவன்கிட்டயா?" மொமோசே கணப்பில் ஒரு விறகைத் தள்ளினார். "கடிதம் எழுதினேன். எழுதிப் படிச்சுப் பாத்தா, சாக்குச் சொல்றவன் எழுதினது மாதிரியே இருந்துது. எரிச்சுட்டேன். அந்த விண்மீன் திரும்பி வந்தா அதுவே சொல்லட்டும்னு இருந்தேன்."

"வராமலே போயிருந்தா?"

"போயிருந்தாப் போயிருக்கும். நான் பாத்தேன்னு எனக்குத் தெரியும்ல." பிறகு குரல் இறங்கி, "சில வருசம் அதுவும் சந்தேகமா இருந்துது," என்றார்.

கரசாவாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மொமோசே ஒரு தடித்த நோட்டைக் கொண்டுவந்து போட்டார். "பாசி உறையணும்னா ராத்திரி வானம் தெளியணும். பொழுது சாஞ்சா மேல பாத்தே ஆகணும், இது எங்க பொழப்பு. பாக்கறப்ப அந்த எடத்தயும் தொலைநோக்கியில ஒரு பார்வ பாத்துடுவேன். பாரு, கடேசிப் பக்கம்."

முப்பத்துநான்கு வருஷமாக ஒவ்வொரு பாசிக்கால மாலைக்கும் ஒரு தேதி, பக்கத்தில் ஒரே சொல்: இல்லை, இல்லை, மேகம், இல்லை. கடைசிப் பக்கத்தில் டிசம்பர் எட்டாம் தேதி, மாலை 5.50, ஒளி 10.9. ஒன்பதாம் தேதி 8.6. பத்தாம் தேதி 8.2.

கரசாவாவின் விரல் எட்டாம் தேதிமேல் நின்றது. "கியூஷூ அம்மா பாத்தது பதினொண்ணாந்தேதி. அப்ப உச்சி தாண்டிடுச்சு. நீ ஏறும்போதே பாத்திருக்க. இது உலகத்துல வேற யார்கிட்டயும் இல்ல."

"தெரியும்."

"அன்னிக்கே ஏன் சொல்லல?"

"ஒரு தடவ சொன்னேன்ல."

வெளியே வயலில் யாரோ தட்டுகளை அடுக்குகிற சத்தம் கேட்டது. கரசாவா சட்டைப்பையிலிருந்து நேற்று எழுதிய தாளை எடுத்து, மடிப்பைப் பிரிக்காமலே கணப்பில் போட்டார். பேனாவும் தாளும் கேட்டார்.

"இந்த எட்டாந்தேதி அளவச் சேக்கட்டுமா?"

"நம்பத்தகாதவன் ஆச்சே நான். உங்க சுற்றறிக்கையிலயே போட்டிருக்கு."

"அதையுந்தான் இதுல எழுதப்போறேன்."

மொமோசே நோட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கமாகத் தள்ளினார். கரசாவா எழுதினார். இந்த முறை பேனா வளையவில்லை. விண்மீன் இருக்கும் இடம், நேற்று அளந்தபடி. ஒளி 8.4. இதே விண்மீனை 1949 செப்டம்பரில் முதலில் கண்டவர் மொமோசே ரியோசாகு. இந்த முறை பொங்கியபோதும் டிசம்பர் எட்டில் முதலில் கண்டவர் அவரே, ஒளி 10.9. 1949இல் இது மனமயக்கம் என்று எழுதியவர் கரசாவா தொகுஜி. பார்த்தவர் கையிலிருந்த வரைபடத்தை நகலெடுத்து, அதில் வருஷத்தை எழுதாமல் விட்டவரும் கரசாவா தொகுஜியே. பிழை முழுவதும் இவருடையது. நீக்கப்பட்ட மொமோசேயின் அளவுகள் எல்லாவற்றையும் பதிவேட்டில் மறுபடி சேர்க்க வேண்டும். கீழே பெயர் எழுதி, பையிலிருந்த முத்திரையை எடுத்துக் குத்தினார்.

தாளை இரண்டு கையாலும் நீட்டினார். மொமோசே மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து வாசித்தார். தன் பெயர் வந்த இடத்தில் நிற்கவில்லை, கரசாவாவின் பெயர் வந்த இடத்திலும் நிற்கவில்லை. கடைசிவரை போய், பிறகு திரும்ப மேலே வந்து, முதல் வரியில் விரலை வைத்தார்.

"வருஷம்?"

கரசாவா எட்டிப் பார்த்தார். 20 மணி 38 நிமிடம் 12.4 நொடி, வடக்கே 16 பாகை 2 நிமிடம் 40 நொடி. எண்களில் ஒரு பிசகு இல்லை. பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அவர் தாளை வாங்கக் கை நீட்டினார். மொமோசே தாளைக் கொடுக்கவில்லை. தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, எழுத வாகாக ஓரத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். கரசாவா குனிந்து, 1950 என்று எழுதினார். மை காயும் வரை மொமோசே அந்தத் தாளை அப்படியே அசையாமல் பிடித்திருந்தார்.